மறக்காத காவலர்கள்

காலில் முள் குத்துகிறது. புண் சீழ் பிடிக்கிறது. சில நாளில் தொடை இடுக்கில் கட்டி போல வீங்குகிறது. தொட்டால் வலிக்கிறது. இதை 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோம்.

புண் இருப்பது காலில். நெறி கட்டுவது தொடை இடுக்கில். ஏன்?

நம் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிறு சிறு முடிச்சுகள் உள்ளன. அவரை விதை போல இருக்கும். இவை நிணநீர் முடிச்சுகள். உடலின் காவல் சாவடிகள் என்றே சொல்லலாம். கிருமி நுழைந்தால் காவலர்கள் இங்கே கூடுகிறார்கள். எண்ணிக்கையில் பெருகுகிறார்கள். அதனால்தான் வீக்கம்.

அந்தக் காவலர்கள் யார்?

நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உண்டு. வெள்ளை அணுக்களும் உண்டு. வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு லிம்போசைட் என்று பெயர். பெரியவர்களின் இரத்தத்தில் 100 வெள்ளை அணுக்களை எண்ணினால், பொதுவாக 20 முதல் 40 வரை லிம்போசைட்டுகள் இருக்கும். இவை எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன.

இவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பி அணு. இது எதிர்ப்புப் பொருளை உண்டாக்க உதவுகிறது. அந்தப் பொருள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். மற்றொன்று டி அணு. சில டி அணுக்கள் கிருமி புகுந்துவிட்ட உடல் அணுக்களை அழிக்கும். சில, மற்ற காவலர்களுக்குத் துணை செய்யும்.

பூட்டும் சாவியும்

ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான் பொருந்தும். அதுபோல ஒவ்வொரு லிம்போசைட்டும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தையே கண்டுபிடிக்கும். புதிய கிருமி வரும்போது அதற்குப் பொருந்தும் அணுக்கள் மிகக் குறைவாகவே இருக்கும். அவை பெருகி முழு பலம் பெற ஒரு வாரமோ, அதற்கு மேலோ ஆகும். அதற்குள் நோய் வந்துவிடும்.

நோய் தீர்ந்த பிறகு பல அணுக்கள் மடிகின்றன. சில மட்டும் தங்கிவிடுகின்றன. அவை நினைவு அணுக்கள். அதே கிருமி மீண்டும் வந்தால் உடனே அடையாளம் கண்டு தாக்குகின்றன.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? 1846ஆம் ஆண்டு ஃபேரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. இதை நாம் மணல்வாரி என்றும் சொல்கிறோம். டென்மார்க் நாட்டு மருத்துவர் பானும் அங்கே சென்று ஆராய்ந்தார். 1781ஆம் ஆண்டு தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களுக்கு இந்த முறை நோய் வரவில்லை. 65 ஆண்டுகள் கழித்தும் உடல் மறக்கவில்லை!

நினைவைத் திருடும் நோய்

அப்படியானால் தட்டம்மை வந்து போவதே நல்லது என்று நினைக்கலாமா? கூடாது. நிமோனியா, வயிற்றுப்போக்கு, கண்பார்வை இழப்பு ஆகியவை இதனால் வரலாம். உயிரும் போகலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தட்டம்மைக் கிருமி நினைவு அணுக்களையே தாக்குகிறது. 2019ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக முன்பு இருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்து போயிருந்தன. அதாவது, உடல் முன்பு கற்ற பாடம் பலவற்றை மறந்துவிடுகிறது. அதனால், அம்மை இறங்கிய பிறகும் குழந்தைக்கு வேறு நோய்கள் எளிதில் வரலாம்.

நோயில்லாமல் பாடம்

தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த கிருமி. அதைப் பார்த்து லிம்போசைட்டுகள் பாடம் படிக்கின்றன. தட்டம்மை நோய் வராமலே நினைவு அணுக்கள் உருவாகின்றன.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு தட்டம்மைத் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு முதல் இரண்டாவது தவணையும் சேர்ந்தது. இப்போது தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியாகப் போடுகிறார்கள்.

முதல் தவணை: 9 மாதம் முடிந்ததும், 12 மாதத்துக்குள்.
இரண்டாவது தவணை: 16 முதல் 24 மாதத்துக்குள்.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம்.

'ஒரு ஊசிதான் போட்டாயிற்றே, இன்னொன்று எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் கைக்குழந்தையின் உடலில் சில மாதம் இருக்கும். அது ஊசியின் வேலையைத் தடுக்கலாம். 9 மாதத்தில் ஊசி போட்ட 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அவர்கள் யார் என்று பார்த்தால் தெரியாது. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும் இரண்டாவது ஊசி.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை வைப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் குழந்தையை மருத்துவரிடம் காட்டத் தயங்கக் கூடாது. வைட்டமின் ஏ மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். பாலும் உணவும் நீரும் நிறுத்தக் கூடாது.

உங்கள் வீட்டுத் தடுப்பூசி அட்டையை எடுங்கள். நீங்களே படியுங்கள். இரண்டு தவணைக்கும் தேதி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள்.

பேசிப் பாருங்கள்

1. நெறி கட்டுவது ஏன்?
2. நினைவு அணுக்களின் வேலை என்ன?
3. தட்டம்மையை 'நினைவைத் திருடும் நோய்' என்று ஏன் சொல்கிறோம்?
4. உங்கள் தெருவில் இரண்டாவது தவணை போடாத குழந்தைகள் எத்தனை பேர்?