அறவழி முதலீடும் ஆலோசகர் தொழிலும்



பட்டம் பெற்றபின் எத்தொழிலை மேற்கொள்வது என்னும் கவலை உங்களில் பலருக்கு இப்போதே தொடங்கியிருக்கும். வருவாயும் வேண்டும், செய்யும் வேலை பிறர்க்குப் பயன்படவும் வேண்டும். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடா என்று எண்ணி ஒன்றைக் கைவிடுவோர் பலர். இங்கேயே வணிகவியல் பயின்று, இன்று முதலீட்டு ஆலோசகனாக இருக்கும் நான், இரண்டும் கூடும் துறை ஒன்றை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றேன்.

பணம் எவ்வளவு வளரும் என்று மட்டும் கேட்பது பொதுவான முதலீடு. அது வளரும் வழியில் யாருக்கு என்ன நேரும் என்றும் சேர்த்துக் கேட்பது சமூகப் பொறுப்புள்ள முதலீடு. இக்கேள்வி புதிதன்று. வியட்நாம் போர்க் காலத்தில், தம் சேமிப்பு ஆயுதத் தொழிலுக்குப் போகலாகாது என்று கருதிய அமெரிக்கருக்காக 1971-இல் பாக்ஸ் வேர்ல்டு ஃபண்டு தொடங்கப்பெற்றது.

நம் நாட்டில் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிகளைச் செபி 2013-இல் வகுத்தது. ஆலோசகர் தம் கட்டணத்தை வாடிக்கையாளரிடமிருந்தே பெறவேண்டும். அதே வாடிக்கையாளருக்குத் திட்டங்களை விற்றுக் கமிஷனும் பெறலாகாது. இவ்விதியின் பொருளை ஒரு கணக்கால் காண்போம். மியூச்சுவல் ஃபண்டுகளில் 2013 முதல் கமிஷன் இல்லாத நேரடித் திட்டமும் உண்டு. கமிஷன் சேர்ந்த திட்டத்தின் ஆண்டுச் செலவு அதனினும் நூற்றுக்கு 1 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். 10 லட்ச ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் கரைகின்றது. கூலி கொடுப்பவர் எவரோ அவர் பக்கமே மனம் சாயும். ஆகவே, அறவழி ஆலோசனையின் முதற்பாடம் நம் கூலி எங்கிருந்து வருகின்றது என்பதே.

இரண்டாம் பாடத்தை ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் எனக்குக் கற்பித்தார். புற்றுநோயாளர் பிரிவில் பல்லாண்டு பணிபுரிந்தவர் அவர். "தம்பி, என் பணத்திலே ஒரு காசுகூடப் புகையிலைக்குப் போகக்கூடாது" என்றார். ஈ.எஸ்.ஜி. என்ற பெயர் தாங்கிய ஃபண்டு ஒன்றை யாரோ அவருக்கு முன்பே பரிந்துரைத்திருந்தனர். ஈ.எஸ்.ஜி. மதிப்பெண், சூழல், தொழிலாளர், நிர்வாகம் ஆகியவற்றை ஒரு கம்பெனி எவ்வாறு கையாள்கின்றது என்பதை அளப்பது. அது விற்கும் பொருள் நல்லதா என்பதற்குச் சான்று அன்று. சிகரெட் செய்யும் கம்பெனியும் உயர்ந்த மதிப்பெண் பெறலாம். எனவே, ஃபண்டுகள் மாதந்தோறும் வெளியிடும் பங்குப் பட்டியல்களை இருவரும் வரிவரியாகப் படித்தோம். தேர்வு சுருங்கியது. சில ஆண்டுகளில் இலாபம் பிறரினும் குறையலாம் என்றும் சொன்னேன். "குறைந்தால் குறையட்டும்" என்றார். குறையக்கூடும் என்பதை முன்னமே சொல்லிவிடுவதுதான் இத்தொழிலின் நாணயம்.

பெயரை நம்பாமல் படிப்பதற்குக் கருவிகளும் வந்துள்ளன. பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள கம்பெனிகள், தாம் செலவிடும் நீர், மின்சாரம், வெளியேற்றும் கழிவு, தொழிலாளர் நலம் முதலியவற்றை விளக்கும் அறிக்கையை 2022-23 முதல் வெளியிட்டாக வேண்டும். தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தையில் 2023 டிசம்பரில் முதல் வெளியீடு பட்டியலிடப்பட்டது. அத்தகைய பத்திரத்தில் இட்ட பணம் திரும்பாது, வட்டியும் இல்லை. அதனை முதலீடு என்று சொல்லாமல் நன்கொடை என்றே சொல்வது ஆலோசகரின் கடமை.

இத்துறைக்கு வர விரும்புவோர் பட்டப்படிப்புடன் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஆலோசகர் தேர்வின் இரு நிலைகளிலும் தேறிச் செபியிடம் பதிவு பெறவேண்டும். தகுதி விதிகள் 2024 டிசம்பரில் தளர்த்தப்பட்டன. தொடக்கத்தில் வருவாய் குறைவு. இலவசமாய் அறிவுரை கேட்டுப் பழகியவர் கட்டணம் தரத் தயங்குவர். முதற்சில ஆண்டுகள் பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றில் பணியாற்றுதல் நலம். வேதியியல் மாணவர் கழிவுக் கணக்கையும், சட்ட மாணவர் வழக்கு விவரங்களையும் வணிகவியலாரினும் நன்கு படிப்பர். அவர்களும் தயங்க வேண்டுவதில்லை.

இந்த வாரமே ஒரு பயிற்சி செய்யுங்கள். நீங்கள் நாள்தோறும் வாங்கும் பொருள் ஒன்றைச் செய்யும் கம்பெனியின் அறிக்கையை எடுத்து, தொழிலாளர் விபத்துகளைப் பற்றிய பகுதியைப் படியுங்கள். படித்தபின் அடுத்த ஆண்டின் அறிக்கையையும் தேடத் தோன்றினால், இத்தொழில் உங்களுக்கு உரியது.