புகையை விட்ட பிள்ளைக்கு



சிகரெட்டை நிறுத்தி ஒரு வாரமாகியும் சரீரம் சுகப்படக் காணோம் என்றும், தூக்கம் போய், கை நடுங்கி, இருமல் அதிகரித்து, வீட்டாரிடம் காரணமின்றிச் சீறி விழும் இந்த அவஸ்தைக்குப் பழைய பழக்கமே மேலோ என்று மனம் தடுமாறுகிறது என்றும் ஒளிவுமறைவின்றி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. இத்தனை உபத்திரவங்களையும் ஒன்றாகச் சேர்த்து 'புகை இல்லாத குறை' என்று நீ முடிவுகட்டிவிட்டாயே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணமும் வேறு, கால அளவும் வேறு.

சீற்றமும் அமைதியின்மையும் நிகோடினைச் சேர்ந்தவை. ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் வஸ்து அது. ஆதலால் நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாட்களில் அதன் தாபம் உச்சத்தை அடைந்து, பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் படிப்படியாகத் தணிகிறது. இருமலோ, புகையால் முடங்கிக் கிடந்த சுவாசக்குழாய்களின் நுண்ணிய ரோமங்கள் மறுபடி இயங்கத் தொடங்கிக் கபத்தை வெளியே தள்ளுவதால் வருவது. ஒரு மாதம் கடந்தும் நிற்காவிட்டாலோ, கபத்தில் ரத்தம் கண்டாலோ மட்டும் தாமதியாமல் வைத்தியரிடம் போ.

தூக்கமின்மைக்கும் நடுக்கத்துக்கும் நிகோடினை மட்டும் குற்றம் சொல்லாதே. உன் காபியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். புகையிலுள்ள சில ரசாயனங்கள் ஈரலைத் தூண்டி, காபியின் சாரமாகிய காபீனைத் துரிதமாகக் கழிக்கச் செய்கின்றன. புகை நின்ற சில நாட்களில் அந்தத் தூண்டுதலும் நின்றுபோகவே, நீ வழக்கமாகக் குடிக்கும் அதே காபி, ரத்தத்தில் ஏறத்தாழ இருமடங்காகத் தேங்கிப் படபடப்பையும் விழிப்பையும் உண்டாக்குகிறது. இதை அறியாதவன், தன்னை வதைப்பது சிகரெட்டின் பிரிவே என்று நம்பி, டீக்கடை வாசலில் மறுபடி ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறான். மனோதிடத்தில் குறைவில்லாத பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே காபியைப் பாதியாகக் குறை. பிற்பகலுக்குப் பின் தொடாதே. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலினும், மனநோய்க்கான சில மாத்திரைகளும் இதே ஈரல் வழியில்தான் கழிகின்றன. அவற்றை உட்கொள்ளும் சிநேகிதன் எவனாவது உன்னைப் பின்பற்ற நினைத்தால், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், முதலில் வைத்தியரைக் கேட்கச் சொல்.

தாபத்தைத் தணிக்க நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரு விதம். மிட்டாயைப் போல விடாமல் மெல்லாமல், காரம் தெரியும்வரை மென்று கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். மெல்வதற்கு முந்திய கால்மணி நேரத்துக்குள் காபி குடித்திருந்தால் மருந்து வாயில் சரியாக உறிஞ்சப்படாது. புகையை விட்டபின் எடை சில கிலோ ஏறலாம். இப்போது பட்டினி கிடந்து அதனோடும் போராடாதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1951-ல் தொடங்கிப் பிரிட்டிஷ் வைத்தியர்களை அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலும் அவர் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட முடிவின்படி, முப்பது வயதில் நிறுத்தியவர்கள் ஏறக்குறைய 10 வருஷ ஆயுளை மீட்டார்கள். அறுபதில் நிறுத்தியவர்களும் 3 வருஷம் மீட்டார்கள். உனக்கு முப்பதுதானே ஆகிறது! தப்பித்தவறி ஒன்றைப் புகைத்துவிட்டாலும், விரதமே கெட்டதென்று முழுப் பாக்கெட்டையும் வாங்கிவிடாமல், அந்த ஒன்றோடு நிறுத்தி, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசு. அல்லது எந்நேரமானாலும் எனக்குப் பேசு.

உன் சீற்றம் சில வாரங்களில் அடங்கக்கூடியது என்பதை மருமகளுக்கு நீயே எடுத்துச் சொல். காரணம் தெரியாமல் அந்தப் பெண் ஏன் மனம் நோக வேண்டும்? இந்தக் கடிதத்தையே அவளிடம் வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
பெரியப்பா