தோளில் ஏன் வலி?

கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்ந்து வருத்தும் நோய் எண்டோமெட்ரியோசிஸ். "பெண் என்றால் வலி இருக்கத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தள்ளிவிடுகிறோம். மருந்துக்கு அடங்காவிடில் லேப்பராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவை உண்டு. 1990-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா பித்தப்பையை அகற்றியதும் இவ்வழியிலேதான். இந்தியாவில் அதுவே முதல்.

அறுவைக்கு முன் உணவையும் நீரையும் எப்போது நிறுத்துவதென்று கேட்டறிக. வயிற்றைக் கரியமிலவாயுவால் உப்பவைத்தே கருவியைச் செலுத்துவர். எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரியும். மெல்ல நடந்துவர, சில நாளில் தணியும்.

தழும்பு சிறிது, உள்ளே அறுத்தது சிறிதன்று. சுனாபட்டி வீடுகளில் பரண் ஏணியும் தண்ணீர்க் குடமுமே பகை. சில வாரம் குடத்தை அண்ணன் தூக்கட்டுமே! காய்ச்சல், மிகும் வலி, மூச்சுத்திணறல், கால்வீக்கம் கண்டால் காத்திராதீர். சயான் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.