பாலகாட்டுப் பாப்பாவுக்கு எப்போது இங்கிலீஷ்?

கேள்வி: நாங்கள் கோலார் தங்கவயல் பாலகாட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு மூன்றரை வயது. வீட்டில் தமிழ்தான். பக்கத்து வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவுக்குப் போனால் கன்னடமும் தமிழும் கலந்து வரும். என் மாமனார் மைன்ஸில் வேலை பார்த்தவர். கணவர் தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வருகிறார். இங்கிலீஷ் சரளமாக வராததால் ஆபீசில் பின்தங்கிவிட்டோம் என்ற வருத்தம் அவருக்கு உண்டு. "நாம பட்டது போதும், நாளையிலிருந்து வீட்டில் இங்கிலீஷில்தான் பேசணும்" என்கிறார். எல்.கே.ஜி. விசாரிக்கப் போன இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'கம்', 'சிட்', 'ஈட்', 'டோன்ட் டச்' அவ்வளவுதான். மாமியாரோ, இத்தனை மொழியைத் திணித்தால் குழந்தைக்குப் பேச்சு திக்கும் என்று பயப்படுகிறார். எந்த வயதில் தொடங்குவது சரி?
— ஒரு வாசகி, பாலகாட்

பதில்: மாமியாரின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பல மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குத் திக்குவாய் வராது. ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினாலும் கவலை வேண்டாம். எந்த ஆளிடம் எந்த மொழி என்பதைக் குழந்தைகள் தாமாகவே பிரித்துக்கொள்வார்கள். தங்கவயலில் மூன்று மொழி பேசாத வீட்டைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம். உண்மையாகவே பேச்சில் தடுமாற்றம் தெரிந்து, மாதக்கணக்கில் நீடித்தால் மொழியைக் குறைப்பது அதற்கு மருந்தல்ல. மைசூரில் இருக்கும் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடத்தில் காட்டுங்கள்.

உங்கள் கணவரின் வருத்தம் நியாயமானது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, உங்கள் ஊரின் பிழைப்பு மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலை நம்பித்தான் நடக்கிறது. பெங்களூரில் இங்கிலீஷுக்குத் தனிச் சம்பளம் உண்டு என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே இங்கிலீஷ் வேண்டுமா என்று நான் கேட்கப் போவதில்லை. வேண்டும். ஆனால் சீக்கிரம் தொடங்கினால் நன்றாக வரும் என்ற அவருடைய கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது.

சின்ன வயதில் மொழி சட்டென்று ஒட்டிக்கொள்ளும் என்பது பொய்யல்ல. 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ஏறத்தாழ 6.7 லட்சம் பேரின் ஆங்கில இலக்கணத் திறனைச் சோதித்தது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு நிகராக வர வேண்டுமானால் பத்து வயதுக்குள் தொடங்குவது நல்லது என்றும், கற்கும் திறன் பதினேழு வயதுவரை பெரிதாகக் குறைவதில்லை என்றும் அது சொன்னது. இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வயதுக் கணக்கு முழுமையாகப் பொருந்துவது, எழுந்தது முதல் படுப்பதுவரை இங்கிலீஷ் காதில் விழுகிற ஊர்களில் வாழ்கிறவர்களுக்குத்தான். எல்.கே.ஜி. வகுப்பில் நாளுக்கு முக்கால் மணி நேரம் 'ரைம்ஸ்' சொல்வது அந்தக் கணக்கில் சேராது.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்நிய மொழி படிப்பவர்களின் கதை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964 முதல் பத்தாண்டு காலம் ஆரம்பப் பள்ளிகளில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வயதில் தொடங்கியவர்களையும் பதினொன்றில் தொடங்கியவர்களையும் பதினாறு வயதில் ஒப்பிட்டபோது, காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டுமே முதல் கூட்டம் முன்னால் நின்றது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஆங்கிலம் படித்த பிள்ளைகளை வருடக்கணக்கில் கவனித்தவர்களும் இதே திசையில்தான் சொன்னார்கள்: ஒரே அளவு மணி நேரம் படித்த பிறகு, சற்றுப் பெரிய வயதில் தொடங்கியவர்களே முன்னேறியிருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு மொழி கெட்டியாக இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததில் ஏறுகிறார்கள்.

போனில் இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டுக் காட்டினால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். 2003-இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஓர் ஆள் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. அதே ஆளை வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. உங்கள் மகள் கைக்குழந்தை அல்ல, கார்ட்டூனிலிருந்து சில சொற்கள் ஒட்டலாம். பேச்சு வராது. பேச்சுக்குப் பதில் பேச ஆள் வேண்டும்.

இனி அந்த 'டோன்ட் டச்'சுக்கு வருவோம். அடுப்பில் பால் காய்கிறது, குழந்தை கிட்டே வருகிறாள். இங்கிலீஷில் நீங்கள் சொல்வது 'டோன்ட் டச்'. தமிழில் என்ன சொல்வீர்கள்? "கிட்ட வராதடி, பால் பொங்குது பாரு, மேல தெறிச்சா வெந்துடும், அன்னிக்கு அண்ணனுக்கு எப்படிக் கொப்புளிச்சுது!" இதில் காரணம் இருக்கிறது, விளைவு இருக்கிறது, 'தெறித்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது, நடந்துபோன சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடம் கேட்கப்போகும் மூளைக்குப் பயிற்சி அந்த அடுப்பங்கரையில்தான் நடக்கிறது. வீட்டில் இங்கிலீஷ் என்று சட்டம் போட்டால் குழந்தைக்கு இங்கிலீஷ் கூடிவிடாது, உங்கள் பேச்சுதான் குறையும். கட்டளைகள் மட்டும் மிஞ்சும்.

வீட்டில் இங்கிலீஷ் பேசச் சொல்லும் பள்ளிகளின் மீது எனக்குக் கோபமே உண்டு. தாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதைத் தாயின் தலையில் கட்டுகிறார்கள்.

எழுத்து விஷயம் தனி. மூன்றரை வயதில் பென்சிலைத் திணித்துக் கோடு போட்ட நோட்டில் ஏ, பி, சி, டி எழுதவைப்பதால் ஒரு லாபமும் இல்லை. அந்த வயதில் 'பி'யும் 'டி'யும் திரும்பி நிற்பது இயல்பு. இங்கிலீஷ் எழுத்து வேறு ஒரு வில்லங்கம்: எழுத்து ஒன்று, ஒலி வேறு. பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஒலிப்படியே எழுதும் மொழிகளில் முதல் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் ஓரளவு தவறின்றிப் படித்துவிட்டார்கள். அதே நிலைக்கு வர இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடித்தது. அதுவும் இங்கிலீஷே தாய்மொழியாக உள்ள பிள்ளைகளுக்கு.

தமிழில் எழுத்து அதிகம், 247. அதனால் முழுவதும் பழகச் சில வருடம் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியும். 'க' என்பதே இடத்துக்கு ஏற்ப மூன்று விதமாக ஒலித்தாலும், பேச்சு தெரிந்த குழந்தை அதை வழுக்காமல் கடந்துவிடும். மெய்யின் மேல் கொம்பும் சுழியும் ஏறினால் ஒலி மாறும் என்ற சூட்சுமம் ஒருமுறை பிடிபட்டால் கன்னட எழுத்துக்கும் அதுவே சாவி, அமைப்பு ஒன்றுதான்.

இங்கேதான் உங்கள் ஊரின் நிலைமையைக் கவனிக்க வேண்டும். கர்நாடக அரசுப் பள்ளிகளிலேயே 2007-08 முதல் ஒன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் ஒரு பாடம். 2019-இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியமும் தொடங்கினார்கள். 2015-இன் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாக இருந்தாக வேண்டும். நீங்கள் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் இங்கிலீஷும் கன்னடமும் உங்கள் மகளைத் தேடி வந்துவிடும். தேடி வராத மொழி தமிழ் ஒன்றுதான். இங்கிலீஷை எப்போது தொடங்குவது என்று கேட்கிறீர்கள். தமிழ் வாசிப்பை யார் தொடங்குவது என்பது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

தங்கவயலில் தமிழ் வெறும் வீட்டுப் பேச்சாக மட்டும் இருந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் காலத்துக்குப் பின் 1926-இல் மறுபடி எடுத்து நடத்தியது தங்கவயலில்தான், ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில். அங்கேயே சாம்பியன் ரீப் பகுதியில் சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. வெள்ளைக்கார மேலதிகாரிகளின் கீழ் வேலை செய்த ஊர் அது; பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்க் கல் உடைத்த ஊர். அங்கே தமிழில் படித்து விவாதித்தவர்கள் இருந்தார்கள். உங்கள் மாமனாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

மீடியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை தாய்மொழி அல்லது கன்னடத்தில்தான் பாடம் என்று கர்நாடக அரசு 1994-இல் போட்ட உத்தரவு, இருபது வருட வழக்குக்குப் பின் 2014 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் நிற்கவில்லை. தேர்வு பெற்றோருடையது என்று தீர்ப்பு. தாய்மொழியில் தொடக்கக் கல்வி தருவதே குழந்தைக்கு நல்லது என்பது என் கருத்து. கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை அப்படியே இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் நல்ல தமிழ் வகுப்பு எட்டும் தூரத்தில் இல்லாத வீட்டைப் பார்த்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. சேருங்கள். ஆனால் இரண்டு வருடத்தில் மகள் இங்கிலீஷில் கடகடவென்று பேசுவதைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். கனடாவில் குடியேறிய குழந்தைகளைப் பார்த்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு ஏறத்தாழ இரண்டு வருடத்தில் வந்துவிட்டாலும், பாடத்தைப் புரிந்து எழுதும் மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்று கண்டார். தெருவெல்லாம் இங்கிலீஷ் இருக்கிற நாட்டிலேயே அப்படி. இடைப்பட்ட வருடங்களில் பாடம் புரிந்ததா என்று நீங்கள் தமிழில்தான் கேட்டுப் பார்க்க முடியும். "இன்னிக்கு டீச்சர் செடியைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டு, அவள் தமிழில் விளக்கினால் புரிந்திருக்கிறது. மனப்பாடமாக இங்கிலீஷில் ஒப்பித்தால் புரியவில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். யு.கே.ஜி. பிள்ளை ஒன்றிடம் 'வாட் இஸ் யுவர் நேம்' என்று கேட்டால் பதில் வரும், அது பழக்கிவைத்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் கேட்டுப் பாருங்கள். "இட்லி" என்று ஒற்றைச் சொல்லாவது வந்தால் அங்கே மொழி நடக்கிறது. தமிழில் பேசியதற்காகத் தண்டிக்கும் பள்ளியானால் அன்றே திரும்பிவிடுங்கள்.

வயதுக் கணக்கு கேட்டீர்கள், சொல்கிறேன். பேச்சு: இப்போது தமிழ், தடையில்லாமல். இங்கிலீஷ் தெரிந்த சித்தியோ மாமாவோ வந்தால் அவர்கள் இங்கிலீஷில் விளையாடட்டும், வயது வரம்பு கிடையாது. தமிழ் எழுத்து: நாலரை, ஐந்து வயதில் நீங்களே தொடங்குங்கள். தினம் கால் மணி நேரம் போதும், தாத்தா சுரங்கக் கூண்டில் இறங்கி ஷிப்டுக்குப் போன கதையை அவர் சொல்ல நீங்கள் இரண்டு வரி எழுதி அதையே படிக்க வையுங்கள். இங்கிலீஷ் எழுத்து: ஆறு வயதில், பள்ளிக்கூடத்தில். அதற்கு முன்பே பள்ளி தொடங்கிவிட்டால் தொடங்கட்டும், வீட்டில் அதற்கு டியூஷன் வைக்காதீர்கள். உங்கள் கணவர் இங்கிலீஷ் கற்க இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. மகள் மீது வைக்கும் அவசரத்தைக் கொஞ்சம் அவர் தன் மீதே வைக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கும். பிற்காலத்தில் ஏதாவது சலுகை போய்விடுமோ என்று பயந்து அதில் வேறு மொழியைப் போடுகிறவர்கள் உண்டு. தாய்மொழி எது என்று சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்தான் என்று அதே 2014 தீர்ப்பு சொல்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி தரச் சொல்லும் 350-ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை ஏட்டில் இல்லாவிட்டால் அந்த வசதியைக் கேட்க யாருக்கும் வாய் இருக்காது. அந்தக் கட்டத்தில் தமிழ் என்றே எழுதுங்கள்.