பூத்ததை எழுதி வையுங்கள்



போன சித்திரைக் கடைசியில் ஒரு கலியாண வீட்டுக்காக யாழ்ப்பாணம் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். நாங்கள் தங்கிய வீட்டு அக்கா, குசினி ஜன்னலில் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கடைக்கடன் கணக்கு என்றுதான் நினைத்தேன். புரட்டிப் பார்த்தால் பூக்கணக்கு! "வேம்பு, பூ முடியுது. வடகத்துக்குப் பொறுக்கியாச்சு." "மல்லிகை, நேற்றிலிருந்து." "பூசணி, ஆண்பூ மட்டும்." ஒவ்வொன்றுக்கும் திகதி.

"ஏன் அக்கா இது?" என்று கேட்டேன்.

"போன வருசம் எப்ப பூத்ததெண்டு கேட்டா ஆருக்குத் தம்பி ஞாபகம்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்திய வருடம் எங்கள் குவாட்டர்ஸ் பின்னால் பூசணி போட்டிருந்தேன். பூ பூவாய்ப் பூத்தது, ஒரு பிஞ்சு இல்லை. மலட்டுக் கொடி என்று பிடுங்கி எறிந்துவிட்டேன். பூசணியில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ. பெண்பூ பிந்தித்தான் வரும். அதன் அடியில் குட்டிக்காய் மாதிரி ஓர் உருண்டை இருக்கும். திகதி எழுதி வைத்திருந்தால் இன்னும் பத்து நாள் பொறுத்திருப்பேன்.

ஆனால் அக்காவின் கொப்பியைப் பார்த்து எழுதினால் நமக்கு உதவாது. வைகாசியில் அங்கே வெயிலும் சோளகக் காற்றும். கிணற்றுத் தண்ணீரில்தான் பயிர். இங்கே மேற்குச் சரிவில் தென்மேற்கு மழை பிடிக்கிற காலம். மழை நாளில் தேனீ வருவது குறைவு, பூ இருந்தும் காய் பிடிக்காது. அப்போது காலையிலேயே, பூ சுருங்குமுன், ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண்பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பூ விரிந்திருக்கும் நேரம் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம், தேனீ செத்துப்போகும்.

முதல் பூ, பெண்பூ, பிஞ்சு, அன்றைய மழை. இவ்வளவு எழுதினால் போதும். மழை அளவை ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். கொழுந்துக் கிலோவை வீட்டில் எழுதி வைத்துச் சம்பள நாளில் சரிபார்க்கிற அக்காமாருக்கு இது பெரிய வேலையா?

ஜப்பானில் கியோட்டோ நகரத்து செரி மரம் பூத்த நாட்களை, இடையிடையே விடுபட்டாலும், 812ஆம் ஆண்டு தொட்டு பழைய நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26ஆம் திகதி முழுதாய்ப் பூத்தது. அதற்கு முந்திய எந்தப் பதிவிலும் அவ்வளவு வேளைக்குப் பூத்ததில்லை. பூமி சூடாகிறது என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாகக் காட்டுகிறார்கள். அன்று எழுதியவர்கள் பூ பார்க்கப் போனவர்கள்தான், விஞ்ஞானிகள் இல்லை.

உங்கள் கொப்பியைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். நானும் மறுபடி பூசணி போட்டிருக்கிறேன். நேற்று ஆண்பூ மூன்று.