பள்ளிக்கூடப் பணம் வரும் வழி

சென்ற திங்கள் ஒரு நெசவாளர் சங்கத்தின் பேரவைக் கூட்டம் முடிந்தபின், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஐயா, எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் பணமில்லை என்கிறார்கள். கல்விக்கென்று தனி வரி வாங்குகிறார்களே, அது எங்கே போகிறது?" என்று வினவினார். நின்றவாறே சொல்லி முடிக்கத்தக்க விடையன்று. ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

பழைய சென்னை மாகாணத்தில், 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சி மன்றங்கள் கல்வி வரி விதிக்க இடமளித்தது. வரி கொடுத்தவர் தம் பணம் செலவாகும் கட்டடத்தைக் கண்ணால் கண்டார். காமராசர் ஆட்சிக் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊராரே நிலமும் மேசை நாற்காலிகளும் வழங்கினர். அன்று கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதனைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. எனினும் அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பாரம் இன்றும் மாநிலக் கருவூலத்தின் தோள்மேல்தான்.

அவர் குறிப்பிட்ட தனி வரி 2004-இல் வந்தது. அப்போது 2 சதவீதம். 2007-இல் இன்னும் 1 சதவீதம் சேர்ந்தது. 2018 முதல் வருமான வரியின்மீது நலவாழ்வுக்கும் கல்விக்குமாக 4 சதவீதம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒன்றிய அரசு திரட்டும் பிற வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. 15-ஆவது நிதிக்குழு அதனை 41 சதவீதமாக வகுத்தது. ஆனால் இத்தகைய தனி வரிகள் அரசியலமைப்பின் 270-ஆவது பிரிவின்படி பங்கீட்டில் சேரா. நம் வழக்கில் சொன்னால், பங்கு ஈவு உரிமைப் பணம். தனி நிதியிலிருந்து வரும் மானியமோ நிபந்தனையோடு கூடியது. தில்லியில் சேர்ந்த தொகை திட்டம் என்னும் உருவில்தான் திரும்புகிறது.

2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா அத்தகைய திட்டம். செலவில் ஒன்றியம் 60, மாநிலம் 40. பி.எம். ஸ்ரீ என்ற வேறொரு திட்டத்தின் ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் வாசகம் இருந்ததால், தமிழ்நாடு கையொப்பமிடவில்லை. 2024-25-ஆம் ஆண்டுக்குரிய ஒன்றியப் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் வட்டியுடன் 2,291 கோடி கோரி உச்சநீதிமன்றம் சென்றது. கையொப்பமிட இசைந்து மாநிலத் தலைமைச் செயலாளர் 2024 மார்ச்சில் எழுதிய கடிதத்தை ஒன்றிய அரசு சுட்டிக்காட்டியது. கொள்கையின் நன்மை தீமை தனி விவாதம். ஆயினும், நூல் கொள்முதலுக்கு ஒப்புதலான கடனை, வேறொரு துணைவிதியைத் திருத்தினால்தான் தருவேன் என்று மத்திய வங்கி சொன்னால் நம் சங்கங்கள் பொறுக்குமா?

வெள்ளையடிப்புக்கு வருவோம். இத்திட்டத்தில் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. 30 பேருக்கு மேல் 100 பேர் வரை பயிலும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 250 பேர் வரை 50,000. பழுதுபார்ப்பும் தூய்மைப் பணியும் இதில் அடங்கும். இம்மானியச் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பை, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைத்துள்ளது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள்.

பெரியவரின் மருமகள் அக்குழுவின் அங்கத்தினர் என்பது பேச்சினூடே தெரிய வந்தது. மானியத்துக்குரிய ரொக்கப் புத்தகத்தை அவர் பார்த்ததுண்டா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டதுண்டு என்றார் பெரியவர்.