ஆடியும் மார்கழியும் நமக்கு

வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு திரைக்கதை எழுத நேரம் எப்படிக் கிடைக்கும் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வீடு தேடி வந்து கேட்கிறார்கள். போன வாரம் வந்த தம்பி பகலில் ஒரு நிதி நிறுவனத்துக்குத் தவணை வசூல் செய்கிறார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அதற்கு முந்தின வாரம் ஒரு பெண் ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள். "கதை இருக்கும்மா. உட்காரத்தான் நேரம் இல்ல" என்றாள். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

சாலிகிராமத்தில் இரண்டு அறை வீட்டில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருந்தபடி பதினெட்டு வருஷம் எழுதியவள் நான். தொலைக்காட்சித் தொடர்கள்தான் அதிகம், இரண்டு படம். தனி அறை கிடைத்தது பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு. அதற்குள் எழுத வேண்டியதில் முக்கால்வாசியை எழுதிவிட்டேன். வந்தவர்களுக்கு வாய்வழியாகச் சொன்னதை இப்போது எண் போட்டு வைக்கிறேன்.

1. யாருடைய நேரம் என்று பாருங்கள்

நீங்கள் எழுதப்போகும் ஒரு மணி நேரம் வானத்திலிருந்து குதிப்பதில்லை. வீட்டில் வேறொருவர் கையிலிருந்துதான் வருகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு நீங்கள் நோட்டைத் திறந்தால் அந்நேரம் பாத்திரம் தேய்ப்பது யார்? சின்னவளுக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பது யார்?

வேலை பார்த்துக்கொண்டே சாதித்தவர்கள் என்று சில பெயர்களை எல்லாரும் சொல்வார்கள். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். 1964-ல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் ஆபீஸுக்குப் போகிறவர்தான். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்தபடியே 1986-ல் வந்த ‘விக்ரம்’ படத்தில் எழுதினார். கிரேசி மோகன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் எழுதினார். எல்லாம் உண்மை. மூவரையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்தச் சமயம் வீட்டில் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போனது யார் என்று எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

ஆகவே தம்பிகளே, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு உட்காருங்கள். மனைவியிடம் "செவ்வாய், வியாழன் எனக்கு, திங்கள், புதன் உனக்கு" என்று வாய்விட்டுப் பேசி வாங்குங்கள். அவள் அந்த நேரத்தில் என்ன செய்கிறாள் என்று கேட்கக் கூடாது. தூங்கினாலும் சரி.

தங்கைகளுக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் யாரிடமும் கேட்க மாட்டீர்கள், சத்தமில்லாமல் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்து ஆறு வருஷம் எழுதினேன். எட்டு மணிக்கு ஆபீஸ் பையன் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பான். மை காயாத தாளை வாங்கிக்கொண்டு ஷூட்டிங் வீட்டுக்கு ஓடுவான். எல்லாரும் என்னை மெச்சினார்கள். நாற்பத்திரண்டு வயதில் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தது. நாலு மணிக்கு எழுவதைப் பெருமையாகச் சொல்கிறவர்களிடம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேளுங்கள்.

2. யோசிப்பதற்கு நாற்காலி வேண்டாம்

நாவலுக்கு வாக்கியம் வேண்டும். வாக்கியம் உட்கார்ந்தால்தான் வரும். திரைக்கதைக்கு முதலில் வேண்டியது வேறு: ஸீனில் யார் வருகிறார்கள், என்ன வேண்டி வருகிறார்கள், எது தடுக்கிறது, எங்கே வெட்டுகிறோம். இதற்கு மேஜை எதற்கு? காய் நறுக்கும்போது, ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது, அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போய் டோக்கன் நம்பருக்குக் காத்திருக்கும்போது எல்லாம் செய்யலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கதை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அது வெறும் கனவாகத்தான் முடியும். நாயகன் ஸ்லோ மோஷனில் நடந்துகொண்டே இருப்பான். ஒரு ஸீனில் ஒரு சிக்கலை மட்டும் எடுத்துப் போங்கள்.

எனக்கு ஒரு முறை இப்படி ஒரு ஸீன் நின்றுபோயிற்று. வளையலை அடகு வைத்த பெண், அதை மீட்க முடியாமல் தங்கை கல்யாணத்துக்கு வருகிறாள். வெறுங்கையை மண்டபத்தில் எப்படி மறைப்பாள்? புடவைத் தலைப்பை இழுத்து மூடினாள் என்று எழுதினேன். பழசு. அடுப்படி வேலைக்குப் போய்விட்டாள் என்று எழுதினேன். மண்டபத்தில் சமையல்காரர் இருக்கிறாரே. நாலு நாள் இதே நிலை. ஐந்தாம் நாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். பக்கத்தில் இருந்த பெண், "அக்கா, கொஞ்சம் பிடிங்க, கார்டு எடுத்துக்கறேன்" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். குழந்தையின் இரண்டு காலும் என் மணிக்கட்டை மறைத்துத் தொங்கின. கிடைத்துவிட்டது. அவள் கல்யாணம் முழுக்க யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டே திரிகிறாள்; எல்லாரும் "எவ்வளவு பாசம்" என்கிறார்கள். கடைசியில் குழந்தையின் அம்மா வந்து இரண்டு கையையும் நீட்டுகிறாள். அங்கே வெட்டு. வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே எழுதினேன். கால் மணி நேரம் ஆகவில்லை.

3. தேதி கிழிக்கும் தாள்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்பது மாமியாரின் உரிமை. கிழித்த தாளை எண்ணெய் துடைக்க வைத்திருப்பார். அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். பின்பக்கம் வெறுமையாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். ஒரு தாளுக்கு ஒரு ஸீன், இரண்டு வரிக்கு மேல் எழுத இடமே இல்லை. அதுதான் அதில் நல்லது. எழுதி ரப்பர் பேண்டு போட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் அசந்த பிறகு கூடத்துத் தரையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி ஸீன் ஆர்டர் பார்ப்பேன். இடைவேளை எந்தத் தாளில் விழுகிறது, அதற்கு முந்தின ஐந்து தாள் ஏன் சப்பென்று இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

நம் படத்துக்கு எழுபது, எண்பது ஸீன் வரும். எழுபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு ஸீன் முழுதாக எழுதினால் 35 வாரம். இடையில் காய்ச்சல், காது குத்து, ஊர்த் திருவிழா என்று பத்து வாரம் போகட்டும். ஒரு வருஷத்துக்குள் கையில் பவுண்ட் ஸ்கிரிப்ட். அடுத்த நாலு வருஷம் "நேரம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கப்போகிறவருக்கு ஒரு வருஷம் ஒன்றும் அதிகம் இல்லை.

4. சாஃப்ட்வேர் தேடி இரவைத் தொலைக்காதீர்கள்

நாங்கள் லாங் சைஸ் நோட்டில் நடுவே கோடு போட்டோம். இடப்பக்கம் கண்ணில் தெரிவது, வலப்பக்கம் காதில் விழுவது. மேலே ஸீன் எண், இடம், உள்ளா வெளியா, பகலா இரவா. போதும். வலப்பக்கம் நிரம்பி வழிந்து இடப்பக்கம் காலியாக இருந்தால் நீங்கள் எழுதியது வானொலி நாடகம்.

5. கை ஒழியாவிட்டால் வாயால் எழுதுங்கள்

வை.மு. கோதைநாயகி அம்மாளைத் தெரியுமா? நூற்றுக்கும் மேல் நாவல் எழுதியவர், ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தியவர், 1938-ல் அவருடைய ‘அனாதைப் பெண்’ படமாக வந்தது. முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வை அவர் எழுதவில்லை, சொன்னார். அப்போது அவருக்குச் சரளமாக எழுதவராது. தோழி ஒருவர் கேட்டு எழுதிக்கொடுத்தார். இன்று அந்தத் தோழியின் வேலையை உங்கள் போன் செய்யும். தமிழில் பேசினால் தமிழிலேயே எழுத்து வருகிறது. "தோசை" என்றால் சில சமயம் "ஆசை" என்று போடும், திருத்திக்கொள்ளலாம். வசனம் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: வாயில் நிற்காத வசனம் சொல்லும்போதே தட்டும்.

6. வீட்டிலிருந்து எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள்

இது என் தப்பு. தினத்தொடர் ஒன்றில் ஒரு கொடுமைக்கார அத்தை. அவளுக்கு வசனம் கிடைக்காமல் தவித்த ஒரு காலையில், முந்தின நாள் என் மாமியார் சாம்பாரைப் பற்றிச் சொன்னதை அப்படியே வைத்துவிட்டேன். புள்ளி மாறவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த எபிசோட் ஓடியது. ஏழரை மணிக்குக் கூடத்தில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். டி.வி.யில் அந்த அம்மாள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். என் கணவர் விட்டத்தைப் பார்த்தார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஏழரைக்கு எழுந்து டி.வி.யை அணைத்துவிட்டு உள்ளே போனார். ஒன்பது நாள் அப்படியே.

பத்தாம் நாள் நானே போய் அவர் காலடியில் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதிய ஸீனைப் படித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாததால் செய்த வேலை அது. முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தப் பொண்ணு எதுக்கு அவ்வளவு நேரம் அங்கேயே நிக்கறா? அழுகை வந்தா எழுந்து போகமாட்டாளா?" என்றார். ஸீனில் ஒன்றரைப் பக்கம் வெட்டினேன். அதற்குப் பிறகு கடைசிவரை எனக்கு முதல் ரசிகர் அவர்தான். நான் எழுத உட்கார்ந்தால் வாசலில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர்தான். கதவைச் சாத்தி எழுதிய காலத்தில் எனக்குக் கிடைக்காத நேரம் கதை படித்துக் காட்டியபின் கிடைத்தது. அந்தச் சாம்பார் வசனம் வேண்டுமென்றால் முதலிலேயே கேட்டிருக்கலாம். அவரே இன்னும் காரமாக ஒன்று சொல்லியிருப்பார்.

7. கதை விவாதத்துக்கு வாட்ச் கட்டிக்கொண்டு போங்கள்

டிஸ்கஷன் என்றால் லாட்ஜ் அறை, டீ, பஜ்ஜி, நடுராத்திரி. சில பேர் மாமல்லபுரத்துக்கே அழைப்பார்கள். எட்டு மணி நேரத்தில் கதை பேசுவது இரண்டு மணி நேரம். மீதி யார் படம் எத்தனை நாள் ஓடும் என்பதுதான். நான் முதல் நாளே, "ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன் சார், நாளைக்குப் பத்து மணிக்கு ஸீனைத் தாளில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிடுவேன். ஒரு வாய்ப்பு அதனால் போனது. மற்றவர்களுக்குத் தாள்தான் வேண்டியிருந்தது.

8. வேலையை விடாதீர்கள்

ஒரு தயாரிப்பாளர் கொடுத்த காசோலை திரும்பி வந்த ஜூன் மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் என் கணவரின் சம்பளத்தில்தான் கட்டினோம். ஒரு அட்வான்ஸ் வாங்கியதும் ராஜினாமா கடிதம் எழுதுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சம்பளம் உள்ளவர்தான் மட்டமான கதையை வேண்டாம் என்று சொல்ல முடியும். எழுதி முடித்ததும் அரைநாள் லீவு போட்டு எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். அந்த லீவை மட்டும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

9. வருஷத்தில் நமக்கென்று மாதங்கள் உண்டு

தினம் எழுத வேண்டும் என்கிற விதி குடும்பம் இல்லாதவர்கள் போட்டது. பிள்ளை பத்தாவதோ பிளஸ் டூவோ படித்தால் மார்ச்சில் எழுதாதீர்கள். உட்கார்ந்தாலும் ஓடாது. குற்ற உணர்வோடு எழுதிய ஸீனில் எல்லாரும் அழுதுகொண்டே இருப்பார்கள். தீபாவளி வாரமும் வேண்டாம்.

நேரம் எதிர்பாராத இடத்திலும் கிடைக்கும். 2012-ல் சென்னையிலேயே பகலில் 2 மணி நேரம் கரண்ட் போகும். ஊரே திட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் டி.வி. அணைந்து, மிக்ஸி ஓய்ந்து, மாமியார் விசிறியோடு கண்ணயர்வார். சீரியல் எழுதிப் பிழைக்கிற நான் கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தேன். வெளியில் சொல்லவில்லை.

ஆனால் நிலையான கொடை இரண்டு: ஆடியும் மார்கழியும். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. பத்திரிகை வைக்க யாரும் வர மாட்டார்கள், மொய் எழுத ஊருக்குப் போக வேண்டாம், பட்டுப்புடவைக்குப் பால்ஸ் தைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் நாலரைக்கே எழுப்பிவிடும், அதற்குத் தனியாக அலாரம் வைக்க வேண்டாம். என் இரண்டு படத்துக்கும் முதல் பிரதி இந்த மாதங்களில்தான் முடிந்தது. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம் இப்படி ஓய்ந்திருக்கும். உங்கள் வீடு எந்த மாதத்தில் ஓய்கிறது என்று போன வருஷக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். புதிதாகக் கல்யாணமான பெண் உள்ள வீட்டில் மட்டும் ஆடிச் சீர் என்று ஒரு வேலை இருக்கும். அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகர் போகாதீர்கள். ஒரு ஞாயிறு மிச்சம்.

இதை எழுதும் இன்று ஆடி 2. ஆவணி பிறக்க இன்னும் நாலு வாரத்துக்கு மேல் இருக்கிறது. வாரம் இரண்டு என்றால் எட்டு ஸீன். இன்றைக்குக் கிழித்த தாளை எண்ணெய் துடைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.